கீழே அழுத்தினால் மேலே போகும்

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். நீயும் வீட்டுக்காரரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பதினொரு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை, விசாரித்துத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. கடிதத்தில் ஒரு வசதி உண்டு, பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதாக இருந்தால் கடைசி வரிவரை படித்துவிட்டுக் கிழி.

சென்ற ஏப்ரலில் உன் வீட்டுக்காரரின் பணி ஓய்வு விழாவில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ அன்று மூன்று மணி நேரமும் ஓரக் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்ததால் உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

நான் முதல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வாயைத் திறக்காத மனுஷர் அன்றுதான் முதன்முதலாக மைக் பிடித்தார். முதலில் ஒரு மாட்டுக் கதை. பிறகு அந்த அளவுநாடாக் கதையைச் சொன்னார். நாடாவின் மறுமுனையை நிலத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு இந்தக் கோடியிலிருந்து, "சரியா இருக்கா?" என்று இவர் கத்த, பெரிய அதிகாரிக்குக் கத்திப் பதில் சொல்வது மரியாதையில்லை என்று அந்த ஆள் நாடாவையும் பிடித்துக்கொண்டே நடந்து பக்கத்தில் வந்து, "சரியா இருக்குங்க ஐயா" என்று சொன்ன கதை. மூன்று முறை அளந்தும் நிலம் சுருங்கிக்கொண்டே போனதாம். மண்டபமே அதிர்ந்தது. அடுத்து அவர், "இப்போ எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நன்றி சொல்லணும், இதோ முன்னாடியே உட்கார்ந்திருக்காங்க" என்று கையை நீட்டினார். அந்த நொடியில்தான் நான் எழுந்தேன். தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய், அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டேன்.

மறுநாள் நீ போனில், "அவரைக் கண்டா உனக்கு எப்பவுமே இளக்காரம்தான்" என்றாய். நான் தலைவலி என்றேன். அது பொய் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அத்தோடு நின்றது பேச்சு.

நிஜம் இது. அவர் பேச்சு நன்றாக இருந்தது. அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. நான் சிரித்தேன். சிரித்ததில் எனக்குச் சிறுநீர் போய்விட்டது. சொட்டு இல்லை, நாற்காலி நனைகிற அளவு.

எழுதிவிட்டேன். எழுதியபின் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதுவே பெரிய விஷயம், ஏனென்றால் நான்கு வருடமாக நான் தண்ணீரை முடிந்தவரை தவிர்க்கிறேன். இருமினால், தும்மினால், படியில் வேகமாக இறங்கினால், சிரித்தால் போய்விடும். கறுப்பு உடையாக வாங்கத் தொடங்கியது அதனால்தான். "உனக்கென்ன, சாமியாராகப் போறியா?" என்று நீ கேலி செய்தாயே.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. ஆறு மாடிக் கட்டடம், பழைய லிஃப்ட், இருபத்தாறு வருடமாக அதே முக்காலி. லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி, 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்று எழுதிய அட்டையை மாட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போவேன். மூன்றாம் மாடியில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ, சின்னப் பெண், போன வாரம் என்னோடு தனியாக மேலே வந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நேத்து மதியத்துக்குள்ள அந்த அட்டையை ஒன்பது தடவை மாட்டினீங்க" என்றாள். நான் முதுகுவலி என்றேன். "முதுகுவலிக்கு யாரும் ஓட மாட்டாங்க" என்றாள்.

அந்த மருத்துவமனை வந்த ஆறு வருடமாக எத்தனையோ பெண்கள் தரையைப் பார்த்தபடி, "மூணாவது மாடி" என்று முணுமுணுத்து ஏறியிருக்கிறார்கள். எல்லோருக்கும் முதுகுவலி என்றுதான் நினைத்திருந்தேன். நாளை புதன்கிழமை, மதிய இடைவேளையில், நானும் அந்த மாடியில் இறங்கப்போகிறேன்.

இதை உன் வீட்டுக்காரரிடம் காட்டாதே. பதில் எழுத மனமில்லாவிட்டால் கவரில் வெறும் தாளாவது வைத்து அனுப்பு. கையில் கிடைத்தது என்று தெரிந்துகொள்கிறேன்.

என்றும் உன்மேல் கோபமில்லாத,
அக்கா

ஏப்ரல் 16, வியாழக்கிழமை

அன்புத் தங்கைக்கு,

கவர் வந்தது. திறந்தால் நிஜமாகவே வெறும் தாள். முன்பக்கம், பின்பக்கம், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்துவிட்டேன். உன் பிடிவாதம் கொஞ்சமும் குறையவில்லை என்று தெரிந்து நிம்மதி அடைந்தேன். அந்தத் தாளைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன். நல்ல தாள், வீணாக்குவானேன்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். மொத்தம் ஆறு பேர். வாயாடி என்றால் தையல்காரம்மாதான். மூன்று பிள்ளை பெற்றவள். முதல் நாளே என்னிடம், "எந்தக் கடைத்தெருவில் எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு என்னைக் கேளுங்க, படமே போட்டுத் தருவேன்" என்றாள். ஆண் ஒருவர் உண்டு, கால்பந்து நடுவர். புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கும் கசிவு. விசில் ஊதினால் போய்விடுகிறதாம். முதல் இரண்டு வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "சார், நாம ஆறு பேரும் ஒரே டீம்தான், திரும்புங்க" என்று தையல்காரம்மா அதட்டிய பிறகு திரும்பினார்.

பயிற்சி இதுதான். இடுப்புக்கு அடியில், நாம் உட்காரும் இடத்தில், ஒரு தொட்டில் மாதிரி தசை இருக்கிறதாம். அதுதான் அடக்கி வைக்கிறது. பிள்ளைப்பேறு, வயது, பாரம் தூக்குவது என்று தளர்ந்துபோகும். அதை இறுக்கி மேலே தூக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியக் கூடாது. பிசியோ எல்லோருக்கும் சொல்கிற உவமை எங்கள் லிஃப்டுதான். "முதல்ல கதவைச் சாத்துங்க. அப்புறம் லிஃப்டை முதல் மாடி, ரெண்டாம் மாடின்னு தூக்குங்க. பிடிங்க. இப்போ ஒவ்வொரு மாடியா இறக்குங்க." மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இது என் தொழிலாயிற்றே! இந்த வகுப்பில் முதல் மாணவி நான்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆறு வாரம் ஒரு வேளை விடாமல் செய்தேன். கட்டடத்தில் மணி அடித்து யாராவது ஏறினால் அவர்களைத் தூக்கும்போது என்னையும் தூக்கினேன். நாலாம் மாடி வக்கீல், "ஏம்மா, இந்த லிஃப்ட் அறுந்து விழுமோன்னு பயமா இருக்கா? முகம் இப்படிப் போகுது?" என்று கேட்டார். முகம் போனது மட்டும்தான் பலன். கசிவு குறையவில்லை. உண்மையைச் சொன்னால் அதிகமாயிற்று. தையல்காரம்மா நான்காவது வாரமே சொட்டுப் போகாமல் துள்ளிக் காட்டினாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். உழைத்தும் வராத ஒன்றுக்காக அழுதது எனக்கு இதுதான் முதல் தடவை.

நேற்று ஏழாவது வகுப்பு. பிசியோ ஒரு துண்டைச் சுருட்டி மரநாற்காலியில் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் என்னை உட்காரச் சொன்னாள். "தூக்குங்க" என்றாள். நான் தூக்கினேன். "துண்டை விட்டு மேலே எழும்புற மாதிரி இருக்கா, துண்டை அழுத்துற மாதிரி இருக்கா?" என்றாள். அழுத்துகிற மாதிரி என்றேன். அவள் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "அக்கா, ஆறு வாரமா நீங்க கீழதான் தள்ளிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதானேம்மா லிஃப்டைத் தூக்கச் சொன்னே? அழுத்தாம எப்படித் தூக்குறது?" என்றேன். யாருக்கும் புரியவில்லை. விளக்கினேன். என் லிஃப்டில் பித்தளைக் கைப்பிடியைக் கீழே அழுத்தினால்தான் பெட்டி மேலே போகும். மேலே தூக்கினால் இறங்கிவிடும். பின்னால் இரும்புக் குண்டு கீழே இறங்க, அந்தப் பாரத்தில்தான் பெட்டியே ஏறுகிறது. "மேலே" என்ற சொல் காதில் விழுந்தால் என் உடம்பு முழுவதும் கீழே அழுத்தும். இருபத்தாறு வருடப் பழக்கம்.

முதலில் நடுவர் சிரித்தார். பிறகு கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, "ஃபவுல்!" என்று ஊதினார். ஊதியதும், "ஐயோ, போச்சு" என்றார். தையல்காரம்மா தரையில் உருண்டாள். "எனக்கும் போச்சு!" என்றாள். பிசியோ சுவரில் சாய்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். எனக்கும் போயிற்று. ஆனால் ஒன்று கவனித்தேன், தங்கையே. ஒருவரும் எழுந்து ஓடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, அடுத்த முறை தூக்கினோம்.

அன்றைக்கு உங்கள் மண்டபத்திலும் நான் அப்படி உட்கார்ந்திருக்கலாமோ என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

இனி முதலிலிருந்து. மூன்று மாதம் ஆகும் என்கிறாள் பிசியோ. உன் ஊருக்கு பஸ்ஸில் எட்டு மணி நேரம், நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கும். அந்த பஸ்ஸில் ஏறி, உன் வீட்டு வாசலில் இறங்கி, அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் செய்கிறேன். வேறு எதற்கும் இவ்வளவு மெனக்கெட மாட்டேன்.

அடுத்த தடவை தாளில் ஏதாவது எழுதி அனுப்பு. திட்டியாவது எழுது.

இப்படிக்கு,
முதல் மாணவி இல்லாத அக்கா

ஜூன் 9, செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை லிஃப்டிலேயே மூன்று முறை படித்தேன். ஒரு முறை படிக்கையில் இரண்டாம் மாடிக்காரரை ஐந்தாம் மாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். நல்ல மனுஷர், படியில் இறங்கிப் போனார்.

காட்டாதே என்று நான் எழுதியதை நீ சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறாய். "மறந்து வச்சிட்டேன்" என்கிறாய். உன்னை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். போகட்டும். அதனால்தானே கடைசியில் அவருடைய இரண்டு வரி வந்தது: "அக்காவுக்கு வணக்கம். ஒரு வருடமாக என் பேச்சு மட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தாங்கள் எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று தெரிவிக்கவும், நாடாவா, அதற்கு முந்தைய மாட்டுக் கதையா?" அளவுக்காரர் என்பது சரியாகத்தான் இருக்கிறது. அவரிடம் சொல்: மாட்டுக் கதைக்குப் புன்னகை. நாடாவின் முதல் அளவில் சமாளித்தேன், இரண்டாவதில் காலைப் பின்னிக்கொண்டேன், மூன்றாவதில் ஆள் காலி. இதைவிடப் பெரிய பாராட்டு எந்தப் பேச்சாளருக்கும் கிடைத்திருக்காது.

சரியாகச் செய்யத் தொடங்கி எட்டு வாரம். அட்டை மாட்டுவது மதியத்துக்குள் ஒன்பதிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. தண்ணீர் குடிக்கிறேன். குடிக்காமல் இருந்தால் சிறுநீர் காட்டமாகி இன்னும் அவசரப்படுத்துமாம், அதற்கும் பிசியோவிடம் திட்டு வாங்கினேன். முதலில் மூன்று எண்ணுவதற்குள் விட்டுப்போகும், இப்போது ஒன்பது வரை வருகிறது.

போன புதன்கிழமை ஒரு பரீட்சை. வகுப்பு முடிந்து தையல்காரம்மாவும் நானும் கீழே வந்தோம், வக்கீலும் இருந்தார். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. கரண்ட் இல்லை. நாற்பத்து மூன்று நிமிடம். வக்கீலுக்கு ஜலதோஷம், தும்மிக்கொண்டே இருந்தார், எங்களுக்கும் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. தும்மலுக்கு முன்னால் இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பது பாடம். தையல்காரம்மா என் காதருகே, "அக்கா, கதவைச் சாத்திட்டேன்" என்றாள். வக்கீலுக்குக் காது கூர்மை. "எந்தக் கதவும்மா? அதான் முதல்லருந்தே சாத்தித்தானே இருக்கு!" என்று பதறினார்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் இறுக்கினோம். தூக்கினோம். பிறகு சிரித்தோம். அப்படி ஒரு சிரிப்பு. வக்கீலுக்கு நாங்கள் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும், மின்விசிறியைப் பார்த்து ஏதோ மந்திரம் மாதிரி முணுமுணுத்தார். ஒரு சொட்டு இல்லை. உன்மேல் ஆணை. கடைசியில் கரண்ட் வந்து பெட்டி குலுங்கியபோது ஒரு தேக்கரண்டி அளவு போயிற்று. அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீ கணக்கில் பிழை கண்டுபிடிக்கக் கூடாது.

கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று கேட்டிருக்கிறாய். உன் பக்கத்து வீட்டுக்காரிக்கும் இப்படி இருக்கிறதாம், இறுக்கும்போது மூச்சைப் பிடிக்க வேண்டுமா என்று கேட்கச் சொன்னாளாம். பிடிக்கக் கூடாது என்று சொல். சாதாரணமாக மூச்சு விட வேண்டும். வயிறு, தொடை, பின்பக்கம் எதையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் கூடாது. முக்கியமாக, ஒருமுறையாவது தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னைப் போல ஆறு வாரம் தலைகீழாகச் செய்யாமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்களா? போன வருடம் நான் வந்தபோது பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. நல்லது, உனக்குப் பேச்சுத்துணை ஆயிற்று.

அன்புடன்,
அக்கா

ஜூலை 1, புதன்கிழமை

அன்புத் தங்கைக்கு,

டிக்கெட் வாங்கிவிட்டேன். பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பஸ். இருக்கை எண் பதினேழு, ஜன்னலோரம். நான்கு வருடமாக எந்த பஸ்ஸிலும் வாசலோர இருக்கைதான் கேட்டு வாங்குவேன். இந்தத் தடவை வேண்டுமென்றே ஜன்னல் கேட்டேன்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஓடிப்போய் பஸ் ஏறினால் இப்போதும் கொஞ்சம் போகும். பையில் மாற்றுத்துணி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரே நிறுத்தம்வரை, நாலரை மணி நேரம், என்னால் இருக்க முடியும். போன ஞாயிற்றுக்கிழமை நகரப் பேருந்தில் ஏறி, முதலிலிருந்து கடைசிவரை போய், அதே வண்டியில் திரும்பி, மறுபடி போய் ஒத்திகை பார்த்தேன். மூன்றாவது சுற்றில் கண்டக்டர், "அம்மா, எங்க இறங்கணும்னு நினைவில்லையா? வீட்டு நம்பர் இருக்கா?" என்று பாசமாகக் கேட்டார். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றேன். அதன்பிறகு என் பக்கமே வரவில்லை.

நடுவர் போன வாரம் ஒரு முழு ஆட்டத்துக்கு விசில் ஊதியிருக்கிறார். தையல்காரம்மா எனக்கு ஒரு உடை தைத்துக் கொடுத்தாள். வெளிர் மஞ்சள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது. அதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன், அடையாளம் தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் முழிக்காதே.

உன் வீட்டுக்காரரிடம் சொல், அன்று பாதியில் நின்ற நன்றியுரையை எனக்காக முடிக்க வேண்டும். மாட்டுக் கதையிலிருந்து ஆரம்பிக்கட்டும். மைக் வேண்டாம்.

உன் பக்கத்து வீட்டுக்காரி இந்தத் தடவையும் மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு உன் கையெழுத்து அப்படியே வருகிறது. இருமும்போது மட்டுமா, படுத்து எழும்போதும் இருக்குமா என்று கேட்கிறாள். இருக்கும். இந்த வயதில் இதற்கெல்லாம் போய் டாக்டரைப் பார்ப்பார்களா என்கிறாள். பார்ப்பார்கள், எங்கள் வகுப்பில் எழுபத்து மூன்று வயதில் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கிறாள். சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதத்தை மறந்து வைத்துவிட்டால் பாதி வேலை முடியும் என்று எனக்குத் தெரிந்த ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள்.

ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த விழாவில் என் பக்கத்து நாற்காலியில் உன் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. மூன்று மணி நேரமும் அது காலியாகவே கிடந்தது. நீ கழிப்பறைக்குப் போகிற ஓரக் கதவை விட்டு நகரவேயில்லை. வேலை இருந்திருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை.

பிசியோவிடம் சொல்லி, உங்கள் ஊரில் யாரிடம் போகலாம் என்று விசாரித்து வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு. பக்கத்து வீட்டுக்காரி பெயரில்தான் பதிந்திருக்கிறேன், கூட யாராவது போனால் தைரியமாக இருக்கும், நான் போகிறேன். பையில் இரண்டு துண்டு சுருட்டி எடுத்து வருகிறேன். ஒன்று எனக்கு.

அவளை அதுவரை தண்ணீர் குடிக்கச் சொல். கறுப்பு உடை வாங்க வேண்டாம் என்று சொல். வீட்டுக்காரர் கதை சொன்னால், சொல்லாவிட்டாலும், வயிறு வலிக்கச் சிரிக்கச் சொல். போனால் போகட்டும். எழுந்து ஓட வேண்டாம், பக்கத்து நாற்காலியில் அக்கா இருப்பேன் என்று சொல். நூறு வயது இருந்து சிரிக்க வேண்டும் அவள்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பஸ் நிறுத்தத்தில்,
வெளிர் மஞ்சள் உடையில்,
உன் அக்கா